வீட்டு வாசலிலேயே கார் பேட்டரி மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

பேட்டரி மாற்றும் வேலையில் ஸ்பானர் கையில் இருக்கும் நேரம் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முதல்முறை செய்தவர்கள் எல்லோருக்கும் அரை நாள் போயிருக்கிறது. காரணம் கைத்திறன் இல்லை, வரிசை. கடைக்கு எப்போது போவது, எந்தக் கம்பியை முதலில் தொடுவது, எதைக் கழற்றும் முன் எதைப் பார்த்துவைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எனவே வரிசைப்படியே சொல்கிறேன்.

பானட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு இது பொருந்தும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து இறங்க வேண்டாம். புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்லும் ஐரோப்பிய சொகுசுக் கார்களும் சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் சரி.

1. முதலில், கோளாறு பேட்டரியில்தானா?

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிடுவோம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் படி.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். கார் ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் எதையும் ஆன் செய்யாமல் டிசி 20 வோல்ட் நிலையில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஓட்டி வந்தவுடன் அளக்காதீர்கள். அப்போது மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

காலியாக இருக்கிறது என்பதாலேயே செத்துவிட்டது என்று ஆகாது. மேல்மாடி சார் ஒருவர் டிக்கியைச் சரியாக மூடாமல் ஊருக்குப் போய்விட்டார். மூன்று நாள் உள்விளக்கு எரிந்து பேட்டரி காலி. புதிது வாங்கக் கிளம்பியவரை நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜ் போடச் சொன்னோம். அதே பேட்டரி இன்னும் ஓடுகிறது. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து 12.4க்கு மேல் நின்றால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. நின்றபின் செல்ஃப் போடச் சொல்லி அந்த நொடியில் மீட்டரைக் கவனியுங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காற்று அடிக்கிற பக்கங்களில் இந்தப் பூப்பு மட்டுமே செல்ஃபைத் தடுத்த கார்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியின் மேலே இருக்கும் பச்சைக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே ஆறு செல் இருக்கிறது. அந்தக் கண் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்.

2. எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்கு போன் செய்வது

பழைய பேட்டரியின் லேபிளை போட்டோ எடுங்கள். சென்னையில் ஓடும் பல சின்ன கார்களில் 38பி20எல் என்பது போல ஒரு குறி இருக்கும். முதல் எண் திறனின் தரம். அடுத்த எழுத்து அகலம், உயரத்தின் வகுப்பு. 20 என்பது சுமாராக நீளம், சென்டிமீட்டரில். கடைசியில் வரும் எல் அல்லது ஆர்தான் ப்ளஸ் முனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டுவது.

அந்தக் கடைசி எழுத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். எல் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் வாங்கி வந்தால் கேபிள் எட்டாது. எட்டவில்லையே என்று பேட்டரியைத் திருப்பிவைத்து, பழைய பழக்கத்தில் இடது கேபிளை இடது முனையில் மாட்டினால் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப்போகும். மெயின் பியூஸ் போவது மலிவான நஷ்டம். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் டையோடு போனால் பேட்டரி விலையையே தாண்டிவிடும்.

எஸ் என்ற எழுத்து கூடுதலாக ஒட்டியிருந்தால் தடித்த முனை. மெல்லிய முனைக்கான கிளாம்ப், அதாவது கேபிள் நுனியில் முனையைக் கவ்வும் வளையம், அதில் இறங்காது. மாறாக, தடித்த முனையின் கிளாம்பை மெல்லியதில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

இந்தக் குறியைச் சொல்லி, கடையில் சரக்கு இருக்கிறதா, பழையதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கடை கேளுங்கள், விலை வித்தியாசப்படும். ஆனால் இப்போதே வாங்கி வர வேண்டாம். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் என் முறை. எக்ஸ்சேஞ்சுக்கு இன்னொரு நடை போக வேண்டாம். தப்பான அளவும் வீடு வராது.

சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்து கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகிற கார் என்றால் சாதாரண பேட்டரி போடக் கூடாது. லேபிளில் ஈ.எஃப்.பி அல்லது ஏ.ஜி.எம் என்று இருக்கும். அதே வகைதான் வேண்டும். சாதாரணமானது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்காமல் சீக்கிரம் போய்விடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

10 நம்பர் ரிங் ஸ்பானர். ஜப்பான், கொரிய கார்களில் முனை நட்டுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஐரோப்பிய கார்களில் 13 கேட்கலாம். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பின் நட்டு அடியில் ஆழமாக இருந்தால் பாக்ஸ் ஸ்பானரும் நீட்டுக் கம்பியும் வேண்டும். இதை முதலிலேயே எட்டிப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்த ஒரு நட்டுக்காக மெக்கானிக் கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

அப்புறம் ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டு பழைய துணி, பழைய டூத்பிரஷ், உப்புத்தாள், ஆப்ப சோடா, ஒரு பக்கெட் தண்ணீர், வாசலின். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். பவர் கண்ணாடி பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது, அதைப் போடுகிறவர்களும் அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம்.

4. ஸ்பானரைத் தொடும் முன்

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சமமான, காய்ந்த தரை, காற்றோட்டமான இடம். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். அதனால் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். புது பேட்டரிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகிற வழக்கம் உள்ளவர்கள், பானட்டை மூடிவிட்டு, காருக்கு முன்னால் தள்ளி நின்று காட்டுங்கள்.

மோதிரம், வாட்ச், கைக்காப்பு எல்லாம் கழற்றிவிடுங்கள். கழுத்துச் செயினையும்தான். குனியும்போது அது நேராக முனைகளுக்கு நடுவில் தொங்கும். தங்கம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும்.

காரில் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் விடுங்கள். காரின் கம்ப்யூட்டர்கள் சாவி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். கண்ணாடியை இறக்குவது, தப்பித்தவறிக் கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே கைவிடுவதற்கு. சாவி பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், சீட்டில் இல்லை. சில பழைய மியூசிக் சிஸ்டம்கள் கரன்ட் போய் வந்ததும் கோட் கேட்கும். அது எந்தத் தாளில் இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள்.

கடைசியாக, பேட்டரியையும் கேபிள்கள் போகும் வழியையும் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கழற்றுவது: மைனஸ்தான் முதலில்

"ப்ளஸ்லதானே கரன்ட் இருக்கு, அதை முதல்ல எடுத்துட்டா பயமில்லை, இல்லண்ணா?" என்று கேட்ட தம்பி ஒருவன் எங்கள் பிளாக்கில் இருக்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை நேர்மாறு.

காரின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்தே இருக்கிறது. மெக்கானிக்குகள் எர்த் என்பது அதைத்தான். ப்ளஸ் நட்டில் ஸ்பானரை வைத்துத் திருப்பும்போது அதன் மறுமுனை ஃபெண்டரிலோ என்ஜினிலோ இடித்தால், பேட்டரியின் இரண்டு முனைகளையும் இரும்பால் நேராக இணைத்தது போல் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் பழுக்கும், ஒட்டிக்கொள்ளும், பேட்டரி வெடிக்கவும் கூடும். மைனஸில் ஸ்பானர் இருக்கும்போது பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதான். மைனஸைக் கழற்றிய பிறகு சுற்றே அறுந்துவிடுவதால், ப்ளஸ்ஸில் கை வழுக்கினாலும் பயமில்லை.

எனவே மைனஸ் நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. கிளாம்பை இடமும் வலமும் கொஞ்சம் திருகி மேலே தூக்குங்கள். கழன்ற கேபிள் ஸ்பிரிங் போலத் திரும்பி வந்து முனையைத் தொடும் குணம் உள்ளது. அதைத் துணியில் சுற்றி ஓரமாகச் செருகிவையுங்கள்.

கிளாம்ப் வரவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், ஸ்குரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பவும் வேண்டாம். முனை ஈயம், உள்ளே தகட்டோடு இணைந்திருக்கிறது. தட்டினால் உள்ளே விட்டுப்போகும். சோடா கலந்த வெந்நீரை மெல்ல ஊற்றி, சில நிமிடம் விட்டு, நட்டை இன்னும் தளர்த்தி, கிளாம்பின் பிளவில் ஸ்குரூடிரைவரை விட்டு லேசாக அகட்டினால் வந்துவிடும்.

அடுத்து ப்ளஸ், அதே மாதிரி. அதையும் தனித் துணியில் சுற்றுங்கள். பிறகு பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப். அதன் நட்டுக்கு என்ஜினுக்குள் விழுந்து மறைவதில் தனி ஆசை உண்டு, கீழே ஒரு துணியைப் பரப்பிவையுங்கள்.

சின்ன காரின் பேட்டரியே பத்து கிலோ வரும். டீசல் காருடையது இன்னும் அதிகம். இரண்டு கையாலும், சாய்க்காமல், நேராகத் தூக்குங்கள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். அடியில் கசிந்திருக்கும் அமிலம் அப்போது தெரியாது. சட்டையைத் துவைத்துக் காயப்போடும்போதுதான் பொடிப் பொடி ஓட்டையாகத் தெரியும். இது சொந்த அனுபவம், தீபாவளிச் சட்டை.

6. கடையில் பார்க்க வேண்டியது

பழையதை ஆட்டோவிலோ ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்திலோ நிமிர்த்தியே கொண்டுபோங்கள், படுக்கவைக்காமல். இரண்டு முனைகளையும் டேப்போ துணியோ வைத்து மூடுங்கள்.

புதியதைப் பழையதன் பக்கத்தில், ஒரே பக்கம் பார்க்கவைத்து, ப்ளஸ் எந்தப் பக்கம், முனையின் தடிமன், நீளம், முக்கியமாக உயரம் எல்லாம் ஒத்துப் பாருங்கள். "இதைவிடப் பெருசா போட்டா இன்னும் நல்லா இழுக்கும் சார்" என்று சொல்லி உயரமான பேட்டரி ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ப்ளஸ் முனை பானட் தகட்டைத் தொட்டால் மேலே சொன்ன அதே ஷார்ட்தான், இந்த முறை ஓடும் காரில்.

தயாரித்த தேதியைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ரேக்கில் கிடந்ததை வேண்டாம் என்று சொல்லலாம். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளந்துவிடுங்கள். 12.5க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். வாரண்டி கார்டில் விற்ற தேதியும் பேட்டரி எண்ணும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். 24+24 என்று எழுதியிருந்தால் முதல் 24 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் போனால் புதிய விலையில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான். 48 மாத வாரண்டி என்று மனசுக்குள் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

பழையதை அங்கேயே கொடுத்துவிடுங்கள். காயலான் கடையில் பத்து ரூபாய் கூடக் கிடைத்தாலும், அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி ஈயத்தை உருக்குகிற இடத்துக்கு அது போய்ச் சேரலாம். விற்ற பேட்டரிகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவதைத் தயாரிப்பாளர்களின் பொறுப்பாக 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் வைத்திருக்கின்றன. கடைக்காரர் வழியாகப் போவதுதான் முறை.

7. பேட்டரி உட்காரும் தட்டையும் கேபிளையும் சுத்தம் செய்வது

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. புது பேட்டரி ஆறு மாதத்தில் தகராறு செய்கிறது என்று வருகிற கார்களில் கிளாம்பின் உட்பக்கத்தை முதலில் பார்ப்பேன். பழைய பூப்பு அப்படியே இருக்கும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, டூத்பிரஷ்ஷால் தட்டிலும் கிளாம்பிலும் தேயுங்கள். நுரைத்தால் அங்கே அமிலம் இருக்கிறது என்று பொருள். நுரை நிற்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். புது பேட்டரியை உள்ளே வைக்கும் முன்பே இதைச் செய்வதற்குக் காரணம், சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் அமிலத்தையே முறித்துவிடும்.

கிளாம்பின் உட்பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பு தெரியும்வரை தேயுங்கள். கேபிள் உறைக்குள் கம்பி பச்சையாகி உப்பியிருந்தால், அந்த முனையை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் மாற்றிக்கொள்ளுங்கள். சின்னச் செலவுதான்.

8. மாட்டுவது: ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில்

போட்டோவைப் பார்த்து, ப்ளஸ் சரியான பக்கம் வரும்படி பேட்டரியை இறக்குங்கள். முனைகளின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிடுங்கள். அடியில் கேபிள் ஏதும் நசுங்கவில்லையே என்று பார்த்து, பிடிக்கும் கிளாம்பை முதலில் இறுக்குங்கள். ஆடும் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. நம் தெருக்களின் பள்ளங்களும் வேகத்தடைகளும் உள்ளே தகடுகளை உலுக்கிவிடும்.

பிறகு ப்ளஸ், அதன் ரப்பர் மூடி, அப்புறம்தான் மைனஸ். காரணம் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். மைனஸ் தொடும் நொடியில் சின்னப் பொறி வரலாம், பரவாயில்லை. பெரிதாகப் பட்டென்று அடித்தால் எடுத்துவிட்டு, எது ஆன் ஆகியிருக்கிறது, ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கிளாம்ப் முனையின் அடிவரை இறங்க வேண்டும். கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது, அந்த இறுக்கம் போதும். ஈயம் மெத்தென்ற உலோகம், முழு பலத்தையும் போட்டால் நெளியும். இறுக்கியும் ஆடுகிறது என்றால் செப்புக் கம்பியைச் சொருகி ஒப்பேற்றாமல் கிளாம்பை மாற்றுங்கள்.

வாசலின் கடைசியில்தான், இறுக்கிய பிறகு வெளிப்புறமாக. காற்றும் ஈரமும் படாமல் தடுப்பதுதான் அதன் வேலை, தொடர்பு ஏற்படுத்துவது இல்லை.

9. ஸ்டார்ட் செய்த பிறகு

ஸ்பானரும் துணியும் பானட்டுக்குள் மறந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது வோல்டேஜ் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். சில புதிய கார்கள் எரிபொருள் மிச்சத்துக்காகச் சார்ஜைக் குறைத்துவைக்கும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 13க்குக் கீழே நின்றாலோ 15ஐத் தாண்டினாலோ ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு. அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் பழையதன் வழியிலேயே போகும்.

கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். ஜன்னல் ஒரே தட்டில் ஏறாது. ஸ்விட்சைப் பிடித்து முழுதாக ஏற்றி, மேலும் சில நொடி பிடித்திருந்தால் பல கார்களில் பழைய நிலைக்கு வரும். ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம், ஏசி இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டால் அடங்கும். ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

மறுநாள் காலை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒரே ராத்திரியில் 12.6லிருந்து 12.3க்கு இறங்கினால் கார் நிற்கும்போதே ஏதோ கரன்ட் குடிக்கிறது. கார் வாங்கிய பிறகு மாட்டிய கேமரா, ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர் என்று வெளியே பொருத்தியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

10. இன்னும் சில பிழைகள்

என்ஜின் ஓடும்போது மைனஸைக் கழற்றி, கார் அணையாமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று பார்க்கும் பழைய மெக்கானிக் வித்தை ஒன்று உண்டு. இப்போதைய கார்களில் செய்யவே கூடாது. வோல்டேஜ் எகிறிக் கம்ப்யூட்டரை அடித்துவிடும்.

காரை எடுக்காமல் வைத்திருப்பவர்கள் தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறார்கள். செல்ஃப் எடுத்ததைக்கூட அந்த இரண்டு நிமிடம் திருப்பித் தராது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் தரைத்தள பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும் பகுதிக்காரர்களுக்கு ஒன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நனைந்த கார்களை நாம் எல்லோரும் பார்த்தோம். எச்சரிக்கை வந்தால் முதல் வேலை காரை மேட்டுக்குக் கொண்டுபோவது. முடியவில்லை என்றால், தண்ணீர் காருக்கு வரும் முன் மைனஸை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிவிடுங்கள். தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்காகவே ஐப்பசி பிறந்ததும் ஒரு 10 நம்பர் ஸ்பானரை டேஷ்போர்டில் போட்டுவைத்துவிடுவேன்.